மன்னிக்க ஒன்றுமில்லை

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே நாலு கிலோமீட்டரில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, ஓட்டுக்கூரை போட்ட சிறிய சர்ச் ஒன்று இருந்தது. அறுபது குடும்பங்களின் சபை. அன்புமணி அங்கே உபதேசியார். போதகர் கோயமுத்தூரில் இருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வந்து அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவது, யாராவது இறந்துபோனால் குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாம் உபதேசியார் பொறுப்பு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிருந்து எடுக்கிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். பழைய மிஷனரிகள் ஏற்படுத்திவிட்டுப் போனது என்பார்கள். சர்ச்சோடு ஒட்டிய அறையில் உபதேசியார் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யாருக்காவது செஞ்ச தப்பு சொல்லாம இருக்குதுங்களா?"

பெரும்பாலும் ஒண்ணுமில்லீங்க என்றுதான் பதில் வரும். பேரை எழுதிக்கொள்வார். ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் எழுத மாட்டார். "போயி அவங்ககிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. அஞ்சரை வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்பார்.

ஆட்கள் போவார்கள். மருமகளை அடித்தவள் போவாள். குடித்துவிட்டுப் பங்காளியைத் திட்டியவன் போவான். சிலர் கால்மணியில் திரும்பி வருவார்கள். சிலர் அந்த மாதம் வரவே மாட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் மாதாமாதம் பக்கத்து வீட்டுக் கோழியைக் கல்லால் அடித்ததையே சொல்வாள். "இதைக் கோழிக்காரிகிட்டச் சொன்னாப் போதுங்களா, கோழிகிட்டயும் சொல்லோணுங்களா?" என்று கேட்பாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அன்புமணி சிரிக்க மாட்டார்.

சபையில் எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் பயம் இருந்தது. 1981இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படித்தான்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். மிஷன் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். இரண்டு வருடம் உபதேசியார் பயிற்சி. அதற்குப் பிறகு வேலைக்குக் காத்திருந்த சமயத்தில், இருபத்து மூன்றாவது வயதில், அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள். ஐயரைக் கூட்டி வா, திருவிருந்து எடுக்கணும் என்றாள். போதகரை அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

அன்புமணி காலையில் பஸ் ஏறி கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்கினார். மிஷன் பங்களாவுக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். வழியில் ஒரு தியேட்டர். ஹாஸ்டல் பையன்கள் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த படம் ஓடியது. டிக்கெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டரை மணி நேரம்தானே, முடிந்ததும் போய்க் கூப்பிடலாம் என்று வரிசையில் நின்றார். படம் முடிந்து வெளியே வந்தபோது, இனி போனால் ஐயர் ஏன் இவ்வளவு நேரம் கழித்து வந்தாய் என்று கேட்பார் என்று தோன்றியது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஐயரு தாராபுரம் போயிருக்காராம்மா."

"சரி கண்ணு. நாளைக்கு வருவாரு" என்றாள் அம்மா.

மறுநாள் பத்து மணிக்கு இறந்துபோனாள்.

அடுத்த வருடம் அவருக்கு இந்தச் சபை கிடைத்தது. சனிக்கிழமைகளில் அவர் எல்லோரையும் அந்தக் கேள்வியைக் கேட்டார். கடைசியில் தன் பேரைத் தானே எழுதிக்கொண்டார். உபதேசியாரைக் கேட்பதற்கு ஆள் கிடையாது.

1994இல் புதிய போதகர் வந்தார். இளைஞர். பெங்களூரில் படித்தவர். ஸ்கூட்டரில் வருவார். இரண்டு மூன்று மாதம் கவனித்துவிட்டு அன்புமணியைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"ஜனங்க உங்களைப் பாத்துப் பயப்படறாங்க உபதேசியாரே. ஏற்கெனவே தோட்டத்துல, மில்லுல எல்லாம் குனிஞ்சு நிக்கறவங்க. நம்மகிட்டயும் வந்து குனிஞ்சுதான் நிக்கணுமா?"

அன்புமணிக்கு, தன் அப்பா தோட்டத்துக்காரர் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அதே மாதிரிதான் அப்பா சர்ச்சிலும் நின்றார். இரண்டு இடத்திலும் ஒரே குனிவு.

ஜனவரி மாதம் கோயமுத்தூரில் கவுன்சலிங் என்கிற ஆற்றுப்படுத்துதலுக்கான இரண்டு வாரப் பயிற்சிக்குப் போதகர் அவரை அனுப்பி வைத்தார். நடத்தியவர் ஒரு அம்மையார். நிதானமாகப் பேசினார். யாரும் குற்ற உணர்வோடு பிறப்பதில்லை, அது சின்ன வயதிலேயே நமக்குள் போடப்படுகிறது என்றார். தன்னை மதிக்காதவன் இன்னொருவரை எப்படி மதிப்பான் என்று கேட்டார். வந்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள், பாவம் என்ற சொல்லை அந்த அறைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றார். பத்தாம் நாள், தன்னைப் பற்றி நினைத்து வெட்கப்படுவதை ஒவ்வொருவரும் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னார். யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் நல்லவன், என்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அன்புமணி 'அம்மா' என்று எழுதினார். கிழித்தார். சொன்னார். அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக அன்று ராத்திரி கனவில்லாமல் தூங்கினார்.

அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. அவர் மாறித்தான் போனார். வீட்டில் குரல் தணிந்தது. பால்வாடியில் ஆயாவாக இருந்த அவருடைய மனைவி, காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுப்பதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கண்ணாடிகிட்ட என்ன பேச்சு? அதுவும் பேர் குடுக்க வந்துருக்குதுங்களா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

ஞானோபதேச வகுப்பில் ஜென்மபாவத்தைப் பற்றிய பாடத்தைத் தாண்டிப் போனார். சனிக்கிழமை கேள்வியை மாற்றினார். "மனசுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்கத் தொடங்கினார். வந்தவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. "மனசு நல்லாத்தானுங்க இருக்குது. முட்டிதான் வலி" என்றார் ஒருவர். கோழியடித்த அம்மாள் இனிமேல் எங்கேயும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்துபோனாள். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது பரவியது. பதினெட்டு இருபது பேர் வந்த இடத்தில் நாற்பது பேர் வந்தார்கள்.

மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை, கடைசி ஆளாக அங்கப்பன் வந்தார்.

சபைப் பதிவேட்டில் அவர் பேர் ஆபிரகாம். ஊரில் யாருக்கும் அது தெரியாது. நாற்பத்தைந்து வயது. கிணறு ஆழப்படுத்தும் கூட்டத்தில் கிரேன் ஓட்டியவர். 1992 ஏப்ரலில் அவருடைய தம்பி கந்தப்பன் ஒரு கிணற்றில் விழுந்து இறந்தபின் கிரேன் பக்கமே போகவில்லை. கொப்பரைக் களம் ஒன்றில் வேலைக்கு இருந்தார். மூன்று வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. தம்பி போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உள்ளே வந்தவர் உட்காராமல் நின்றார்.

"உக்காருங்க. மனசுக்கு எப்படி இருக்குதுங்க?"

"முன்னெல்லாம் ஒண்ணு கேப்பீங்கல்லங்க. அதக் கேளுங்க."

"அத இப்பக் கேக்கறதில்லீங்க. நீங்களா என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"நீங்க கேட்டாத்தானுங்க எனக்கு வரும்."

அன்புமணி பேனாவை மூடி வைத்தார். எப்படிக் காத்திருப்பது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அங்கப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தம்பி இறந்த அன்று காலை கஞ்சி குடிக்கும்போது கந்தப்பன் எல்லோர் முன்னாலும் அவரைக் கேலி பேசினான். எங்கண்ணனுக்கு மேல நின்னு லீவரைப் பிடிக்கத்தான் தெரியும், கீழ எறங்கச் சொன்னா வேட்டி நனஞ்சுபோகும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் வெடி வைத்தார்கள். புகை அடங்கிவிட்டது என்று கந்தப்பன்தான் முதலில் இரும்புத் தொட்டியில் ஏறி இறங்கினான். பாதி ஆழத்துக்கு மேல் போனதும் கீழிருந்து, புகை மூச்சை அடைக்குது, தூக்கு என்று கத்தினான்.

"எனக்குக் கேட்டுதுங்க. எஞ்சின் சத்தத்துல கேக்கலைன்னு எல்லாரும் சொல்லிக்கிட்டாங்க. எனக்கு நல்லாக் கேட்டுது. தொட்டிய அப்படியே நிறுத்திப்போட்டு ஒரு பீடியப் பத்தவெச்சேன். கத்தட்டும், யாருக்குத் தைரியமில்லைன்னு பாக்கலாம்னு. ரெண்டு இழுப்பு இழுத்தேன். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. தூக்குனேன். தொட்டி காலியா வந்துதுங்க."

அன்புமணி அவர் கையைப் பார்த்தார். விரல்கள் பீடி பிடிக்கிற மாதிரியே சேர்ந்திருந்தன. அந்த நேரத்தில் தியேட்டர் வாசலில் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நின்ற வரிசை அவர் கண்ணுக்குள் வந்தது. தனக்கு முன்னால் நின்றவனின் பச்சைச் சட்டை கூடத் தெரிந்தது. இந்த மனிதர் பேச்சை நிறுத்த வேண்டும் என்று இருந்தது அவருக்கு.

"இத வள்ளியாத்தாகிட்டச் சொல்லோணுங்க" என்றார் அங்கப்பன். வள்ளியாத்தாள் கந்தப்பனின் மனைவி. "மாசாமாசம் அரிசியோட போறேன். வாய் வரமாட்டேங்குது. போயி சொல்லிப்போட்டு வா, அப்பத்தான் பேரு எழுதுவேன்னு நீங்க சொன்னீங்கன்னா போயிருவேன். அதுக்குத்தான் வந்தேனுங்க."

"தம்பி செத்துப்போவான்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

"சாகோணும்னு நெனச்சீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. கொஞ்ச நேரம் கத்தட்டும்னுதான்."

"அப்ப எதுக்கு உங்களை நீங்களே அடிச்சுக்கறீங்க? எல்லார் முன்னாலயும் சிரிச்சா மனுசனுக்குக் கோவம் வரும். அது இயற்கைங்க. பறிகொடுத்த துக்கத்துல மனசு பழியை எங்கயாவது கொண்டுபோயி வெக்கப் பாக்கும். உங்க மேலயே வெச்சுக்கிட்டீங்க."

"மனசு வெக்கலீங்க. நாந்தானுங்க நிறுத்துனேன்."

"நீங்க கெட்டவரில்லீங்க. மூணு வருசமா அந்தக் குடும்பத்தைத் தாங்கறது யாரு? உங்களை நீங்க ஏத்துக்கோணும்."

அங்கப்பன் அப்போதும் உட்காரவில்லை.

"அப்ப மன்னிப்புங்க?"

"மன்னிக்க ஒண்ணுமில்லீங்க."

அந்த வாக்கியத்தை அவசரமாகச் சொன்னார். அது யாருக்காகச் சொன்னது என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. அங்கப்பனை அவர் வள்ளியாத்தாளிடம் அனுப்பியிருந்தால் தானும் எங்காவது போக வேண்டியிருக்கும். அவர் போக வேண்டிய இடத்தில் யாரும் உயிரோடு இல்லை.

ஆபிரகாம் என்று எழுதினார். மறுநாள் அங்கப்பன் முதல் ஆளாக முழங்காலிட்டார். திரும்பிப் போகும்போது சர்ச் வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு நாலு பேரிடம் பேசினார். அவரை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று சபையார் சொல்லிக்கொண்டார்கள். போதகரும் அதைக் கவனித்தார். "பாத்தீங்களா உபதேசியாரே" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் வள்ளியாத்தாள் வந்தாள். தென்னை நார் மில்லில் வேலை செய்கிறவள். முந்தானையில் ஒட்டியிருந்த நார்த்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அவிய அண்ணனுக்கு நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"ஏன் அம்மணி?"

"ஊட்டுப் பக்கமே வரதில்லீங்க. முன்ன மாசம் பொறந்தா அரிசியோட வந்துருவாரு. ஓடு ஒடஞ்சா அவரே ஏறி மாத்துவாரு. எம் புள்ள அன்புச்செல்விக்குக் காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவாரு. இப்ப நோட்டு வாங்கிக் குடுக்கவும் ஆளில்லை. அரிசிய விடுங்க, நான் சம்பாரிச்சுக்குவேன். வழியில பாத்தா சிரிக்கறாருங்க."

"சிரிச்சா நல்லதுதான அம்மணி."

"மூணு வருசமா எம் மொகத்தப் பாத்துச் சிரிச்சதில்லீங்க அவரு. இப்ப சுமைய எறக்கிப்போட்டவன் கைய வீசிட்டுப் போவானே, அப்படிப் போறாரு. உங்ககிட்டப் பேர் குடுத்த மறுநாள்ல இருந்துதான். அதான் கேக்கறேன்."

அந்த அறையில் சொன்னது அறையைத் தாண்டக்கூடாது. பழைய வழக்கமும் அதுதான், புதிய பயிற்சியும் அதுதான். இரண்டும் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

"நான் விசாரிக்கறேன் அம்மணி" என்றார்.

மறுநாள் அவரே கடைக்குப் போய் நோட்டுகள் வாங்கி வள்ளியாத்தாள் வீட்டில் கொடுத்தார். அடுத்த மாதம் அரிசி கொண்டுபோனார். "நீங்க எதுக்குங்க?" என்று அவள் கேட்டாள். மழை வரும்போல இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். பாதி வழியில், இது அங்கப்பன் நடந்த நடை என்று உறைத்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

பழைய கேள்வியைத் திரும்பவும் கேட்கலாமா என்று போதகரிடம் கேட்டுப் பார்த்தார்.

"நாப்பது பேரு வராங்க. ஏன் கலைக்கறீங்க?" என்றார் போதகர். பிறகு, "உங்களுக்கே ஏதாவது பாரமா? நீங்க ரொம்ப உழைக்கறீங்க. ரெண்டு நாள் ஊட்டிக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார்.

ஜூலையில் ஒரு மத்தியானம் அன்புமணி கொப்பரைக் களத்துக்குப் போனார். அங்கப்பன் இப்போது அங்கே மேஸ்திரி. உடைத்த தேங்காய்களைப் பெண்கள் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் அங்கப்பன் ஓடி வந்தார். நிழலில் சாக்கை விரித்து உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு, நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்று அன்புமணி தொடங்கினார்.

"எதுங்க?"

"மன்னிக்க ஒண்ணுமில்லைன்னு சொன்னது. இருக்குதுங்க. நீங்க அந்தம்மாகிட்டப் போயி சொல்லோணும்."

அங்கப்பன் சிரித்தார். கேலியாக இல்லை. ஒரு நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"ஏனுங்க, நல்லா இருக்கறவனைப் புடிச்சு மறுபடி படுக்கப் போடப் பாக்கறீங்க? மூணு வருசம் தூக்கமில்லீங்க எனக்கு. அவ ஊட்டு வாசல்ல நின்னு நின்னே என்ற ஊட்டுல சண்டை. நீங்க சொன்ன பொறகுதான் மனுசனா நடமாடறேன். எம் மேல தப்பில்லை. பத்து தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப சொல்லவே வேண்டியதில்லை, மனசு தானா நம்புது."

"அந்தக் குடும்பத்தையும் விட்டுட்டீங்களே."

"தப்பிருந்தாத்தானுங்க போகோணும்."

அது அன்புமணியின் வாதம்தான். அப்புறம், இதுவரை யாரிடமும் சொல்லாததை, மனைவியிடம்கூடச் சொல்லாததை, அந்தக் களத்தில் வைத்துச் சொன்னார். அம்மா கேட்டது, தியேட்டர் வரிசை, தாராபுரம். தான் சொன்னால் அங்கப்பனும் தன் தப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அவர் நினைத்தார்.

அங்கப்பன் கவனமாகக் கேட்டார். கண் கலங்கியது.

"அப்ப உங்களுக்கு வயசென்னங்க?"

"இருவத்தி மூணு."

"சின்ன வயசு. அம்மா சாகறதப் பாக்க மாட்டாமத்தான் போயி உக்காந்திருப்பீங்க. பயமுங்க அது."

"பயமில்லீங்க. படம் பாக்கோணும்னு இருந்துது. பாத்தேன். படம் நல்லாவும் இருந்துது."

"அப்படியெல்லாம் சொல்லிக்காதீங்க." அங்கப்பன் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் நிஜமான அன்பு இருந்தது. "உங்களை நீங்களே அடிச்சுக்கறீங்க. எவ்வளவு நாளா இதச் சுமந்துக்கிட்டு எங்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லியிருக்கீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

அன்புமணி இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இப்படிச் சொல்வதற்குப் பதில் அவர் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின், வள்ளியாத்தாள் வீட்டுக்குப் போனார். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"அம்மணி, உங்களுக்கு நான் ஒரு தப்புச் செஞ்சுபோட்டேன். நீங்க என்னை மன்னிக்கோணும்."

அவள் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க செஞ்சீங்க?"

"அதைச் சொல்றதுக்கில்லை."

"என்னன்னு தெரியாம எத மன்னிக்கறதுங்க? காத்தையா?"

அவர் தலைகுனிந்து நின்றார். வள்ளியாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். மகளைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் போய் விளையாடச் சொன்னாள். அவள் போகும்வரை பார்த்திருந்தாள்.

"அவிய அண்ணன் பீடி பத்தவெச்சதுங்களா?"

அன்புமணி நிமிர்ந்தார்.

"அரங்கசாமின்னு ஒருத்தரு, கூட வேலை செஞ்சவரு, மரத்தடியில இருந்து பாத்திருக்காரு. அடக்கம் பண்ணுன அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கலை."

"மூணு வருசமா ஒண்ணுமே கேக்கலையே அம்மணி."

"என்னத்தக் கேக்கறது? மொதல்ல எரிஞ்சுதுதான். அருவாள எடுத்துக்கிட்டுப் போலாம்னு இருந்துது. அப்புறம் அரிசியோட வந்து நின்னாரு. வாயத் தொறந்தாரு. எனக்குத் திக்குன்னு ஆச்சு. வெயில் சாஸ்தின்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. அடுத்த மாசமும் அதே மாதிரி. சொல்லப்போறாரு, இன்னைக்குச் சொல்லிருவாருன்னே இருந்தேனுங்க. சனிக்கெழமையானா நீங்க அந்தக் கேள்வி கேப்பீங்கல்ல, ஒரு நாளு பேர் குடுக்க வருவாரு, நீங்க எங்கிட்டத் தொரத்தி உடுவீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொல்லியிருந்தா?"

வள்ளியாத்தாள் யோசித்தாள். யோசித்துப் பார்க்காத கேள்வி இல்லை அது. சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் மாதிரி இருந்தது.

"திட்டியிருப்பேன். வெளக்குமாத்தால அடிச்சாலும் அடிச்சிருப்பேன். தெருவே கூடியிருக்கும். அப்புறம் உக்கார வெச்சுச் சோறு போட்டிருப்பேனுங்க."

அன்புமணி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் சொல்லட்டுங்களா அவர்கிட்ட? உங்களுக்குத் தெரியும்னு?"

"வேண்டாங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தா அது மாட்டிக்கிட்டு வர்றது. அவரா வரோணும்." அவள் முறத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட வந்தாருங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை.

"வந்திருக்காரு" என்றாள். "நீங்க எங்கிட்ட அனுப்பலை."

"ஆமாம்."

அவள் கோபப்படவில்லை. விரல் அரிசியில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டீங்களாக்கும்."

"ஆமாம் அம்மணி."

"அந்தச் சொல்லப் போயித் திருப்பி வாங்கிக்கங்க."

"போனேன் அம்மணி" என்றார் அன்புமணி. "அவரு குடுக்க மாட்டேங்கறாரு."